குடும்ப மருத்துவமா, சிறப்புத் துறையா, பொதுச் சுகாதாரமா?

இறுதியாண்டு மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, அடுத்து என்ன எடுக்கிறது?" சிலருக்குப் பதில் ஏற்கெனவே மனதில் இருக்கும், நான் தலையாட்டினால் போதும். சிலர் உண்மையிலேயே தவிப்பார்கள். போன மாதம் ஒரு பெண் சொன்னாள்: "கஷ்டப்படுறவங்களுக்கு வைத்தியம் போய்ச் சேரணும்னுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இப்ப எந்தப் பக்கம் போனா அது நடக்கும்னே தெரியலை. கார்டியாலஜி எடுத்தா சுயநலமா? குடும்ப மருத்துவம் எடுத்தா படிச்சது வீணா?" அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 20 வருடங்களுக்கு மேலாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். நடுவில் 2 வருடம் பொதுச் சுகாதாரப் பணி பார்த்தேன். சிறப்புத் துறையில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆனால் என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். நாள் தவறாமல் அவர்களிடம் நோயாளிகளை அனுப்புகிறேன், அவர்களும் என்னிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். என் சாய்வு குடும்ப மருத்துவத்தின் பக்கம். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

## ஆயிரம் பேரில் ஒருவர்

1961இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1,000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் 750 பேருக்கு ஏதாவது ஓர் உடல்நலக் கோளாறு வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரைக்கும் போய்ச் சேருகிறவர் 1 ஆள். 40 வருடம் கழித்து, 2001இல், அமெரிக்காவில் இதே கணக்கை மறுபடி போட்டபோதும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

நாம் மருத்துவம் படிப்பது அந்த ஒருவரை வைத்துத்தான். ஐந்தாறு வருடம் நாம் பார்த்த நோய்கள், மதித்த ஆசிரியர்கள், வாய் பிளந்து பார்த்த அறுவைகள் எல்லாமே அந்த ஒரு கட்டிலைச் சுற்றி இருந்தவை. மருத்துவரைப் பார்த்த மீதிப் பேருக்கு என்ன ஆனது, உடம்பு சரியில்லாமல் இருந்தும் 500 பேர் ஏன் யாரிடமும் போகவில்லை என்பது வார்டு ரவுண்டில் வரவே வராது. துறையைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பார்க்காத வேலையை எப்படி விரும்ப முடியும்?

மூன்று வழிகளையும் இந்தக் கணக்குக்குள் வைத்துப் பாருங்கள். சிறப்பு மருத்துவர் பெரும்பாலும் அந்த ஒருவருக்கும் 9 பேருக்கும் வேலை செய்கிறார். குடும்ப மருத்துவர் 250 பேருக்கு. பொதுச் சுகாதாரத்தில் இருப்பவர் 1,000 பேருக்கும், முக்கியமாக யாரிடமும் வராத அந்த 500 பேருக்கு. எது உசத்தி என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த ஒருவருக்கு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது மீதி 999 பேரின் கணக்கு அவருக்கு எதற்கு?

## எதை வைத்து எடை போடுவது?

"எது பிடிக்கும்?" என்பதிலிருந்து நான் தொடங்குவதில்லை. பிடித்தம் என்று நாம் சொல்வது பல சமயம் ஒரு நல்ல ஆசிரியரிடம் கழித்த 2 மாதத்தின் நினைவு. அவர் வேறு துறையில் இருந்திருந்தால் அந்தத் துறை பிடித்திருக்கும். முதலில் இந்த ஐந்தையும் பாருங்கள். பிடித்தத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

பயிற்சிக் காலம். எத்தனை வருடம் என்பதோடு, அந்த வருடங்கள் உங்கள் வாழ்க்கையில் எங்கே வந்து விழுகின்றன என்பதும் சேர்த்தி. 27இலிருந்து 35 வரை என்றால், கல்யாணமும் குழந்தையும் அம்மா அப்பாவின் உடல்நலமும் அதே வருடங்களில்தான் வரிசை கட்டி வரும்.

பணம். கடைசியில் வரும் சம்பளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அது வரும் வரைக்கும் கல்விக் கடனுக்கு ஓடும் வட்டியைக் கொஞ்சம் பேர்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

சாதாரண நாள். 45 வயதில், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் 3 மணிக்கு உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும்? எந்தத் துறையிலும் சிறந்த நாள் அழகாகத்தான் இருக்கும். நாம் வாழப்போவது செவ்வாய்க்கிழமைகளில்.

மாறிக்கொள்ளும் வழி. தப்பான முடிவு என்று 4 வருடம் கழித்துத் தெரிந்தால் வெளியே வர முடியுமா, என்ன விலை?

யாருக்குப் போய்ச் சேருகிறது. நீங்கள் இல்லாவிட்டால் அந்த நோயாளியை வேறு யார் பார்த்திருப்பார்கள்? "யாருமே இல்லை" என்பது பதிலானால் உங்கள் வேலை ஓர் இடைவெளியை அடைக்கிறது. "பக்கத்துத் தெருவில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்" என்பது பதிலானால், வேலை நல்லதாகவே இருந்தாலும், வைத்தியம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற சமத்துவத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

| | குடும்ப மருத்துவம் | சிறப்புத் துறை | பொதுச் சுகாதாரம் |
|---|---|---|---|
| பயிற்சி | கனடாவில் 2 வருடம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 3 | அமெரிக்காவில் இதயத்துக்கு 6, நரம்பு அறுவைக்கு 7 | முதுகலைப் பட்டத்துக்கு 1 முதல் 2 வருடம் |
| வருமானம் | நடுத்தரம். சீக்கிரம் தொடங்கும் | பெரும்பாலான நாடுகளில் அதிகம். தாமதமாகத் தொடங்கும் | பெரும்பாலும் குறைவு. ஒதுக்கும் நிதியைப் பொறுத்தது |
| சாதாரண நாள் | அடுத்தடுத்து ஆட்கள், தெளிவில்லாத அறிகுறிகள் | ஒரே வகைப் பிரச்சினை, ஆழமாக | கூட்டம், தரவு, களப்பயணம் |
| எங்கே வாழலாம் | ஏறக்குறைய எங்கேயும் | கருவியும் குழுவும் இருக்கும் இடத்தில் | அலுவலகம் இருக்கும் இடத்தில், நிறையப் பயணத்தோடு |
| மாறும் வழி | ஓரளவு எளிது | வருடம் கூடக் கூடக் கடினம் | உள்ளே வருவது எளிது, சிகிச்சைக்குத் திரும்புவது கடினம் |
| கண்ணில் படாத விலை | தனிமை, மதிப்புக் குறைவு | உடம்பு, இளமை, இடம் | சிகிச்சைப் பழக்கம் மறப்பது, வெற்றி கண்ணுக்குத் தெரியாதது |

## சிறப்புத் துறை

இதய மருத்துவம் பார்க்கும் என் நண்பரிடம் நடுராத்திரியில் மாரடைப்போடு ஒருவர் வந்து சேருகிறார். சாம்பல் பூத்த முகம், நெற்றியெல்லாம் வியர்வை. மணிக்கட்டு வழியாகக் குழாய் போகிறது, அடைப்பு திறக்கிறது, திரையில் மேலே ஏறி நின்ற இ.சி.ஜி. கோடு கீழே இறங்குகிறது. மேசையில் படுத்திருப்பவர், "வலி விட்டுடுச்சு டாக்டர்" என்கிறார். செய்த வேலையின் பலனைச் சில நிமிடங்களில் கண்ணால் பார்க்கும் இந்தத் திருப்தி மற்ற இரண்டு வழிகளிலும் கிடைக்காது. இதற்காகவே ஒருவர் இந்தத் துறையை எடுத்தால், அதுவே நல்ல காரணம்.

இனி விலையைப் பார்ப்போம். 1984இல் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் 18 வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். ஓய்வில்லாமல் வேலை செய்த பயிற்சி மருத்துவர்கள் பற்றிய பெரிய விவாதம் அதிலிருந்துதான் கிளம்பியது. அமெரிக்கா முழுவதற்கும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு வர 2003 ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு சராசரியாக 48 மணி நேரம். 80 மணி நேரம் என்றால் வாரத்தில் 6 நாள், நாளுக்கு 13 மணி நேரத்துக்கும் மேல். அது கட்டுப்படுத்தப்பட்ட அளவு என்பதை மறந்துவிடாதீர்கள். அறுவை சார்ந்த துறைகளில் இது 5, 6, 7 வருடம் ஓடும்.

அடுத்த விலை, இடம். அந்த நண்பரே ஒருமுறை சொன்னார்: "நான் எந்த ஊர்ல இருக்கணும்னு என் வீட்டுக்காரியும் முடிவு பண்ணலை, நானும் முடிவு பண்ணலை. கேத் லேப் முடிவு பண்ணிச்சு." இதய ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் அறைதான் கேத் லேப். கருவி, மயக்க மருந்து, பயிற்சி பெற்ற செவிலியர், ரத்த வங்கி, ஐ.சி.யு. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் அவருடைய படிப்புக்கு உயிர். சொந்த மண்ணுக்குப் போய் வேலை செய்யணும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், அந்த மண்ணில் உங்கள் துறைக்கு என்ன இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள். உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியை வருடக்கணக்கில் தோளில் சுமப்பவர்களுக்கு முதுகுவலி சாதாரணம்.

பணத்தில் ஒரு சின்ன கணக்கு. ஒருவர் 29 வயதில் முழுச் சம்பளம் வாங்கத் தொடங்குகிறார், இன்னொருவர் 34இல். இரண்டாமவரின் சம்பளம் அதிகம். ஆனால் அவர் 5 வருடச் சம்பளத்தையும் அந்த 5 வருடத்துக்கான கடன் வட்டியையும் எட்டிப் பிடித்த பிறகுதான் முன்னே போக முடியும். பெரும்பாலும் போய்விடுவார். அதற்குள் வீட்டில் யாருக்காவது பணம் அவசரமாகத் தேவைப்படுமா என்பதுதான் கேள்வி. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கூர்மையானது. அவர்களிடம் போய் "ஆசையைப் பின்தொடர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வராது.

சரி, சுயநலமா என்ற கேள்விக்கு வருவோம். இல்லை. உலக அளவில் அறுவை சிகிச்சையை ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2015இல் சொன்னது: பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் எட்டாதவர்கள் 500 கோடிப் பேர். சிசேரியன், குடல் அடைப்பு, திறந்த எலும்பு முறிவு இவற்றுக்கே ஆள் இல்லாத இடத்தில், ஒரு மயக்க மருந்து மருத்துவர் போய் உட்கார்ந்தால் எத்தனை அம்மாக்கள் பிழைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இடம் மாறாமலே செய்யவும் வழி இருக்கிறது. சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் நிபுணர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருந்தார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நெடுந்தூரம் பயணம் செய்து வந்தார்கள். 2003இல் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். தொலைதூரக் கிராமங்களிலும் சிறைகளிலும் இருந்த சாதாரண மருத்துவர்களோடு வாராவாரம் வீடியோவில் உட்கார்ந்து, அவர்களுடைய நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பேசியே அவர்களுக்கு இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார். 2011இல் முடிவு வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், அந்தக் கிராம, சிறை மருத்துவர்களிடம் குணமானவர்கள் 58.2 சதவீதம். ஒரு நிபுணர் தன் அறிவைப் பூட்டி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஐ.சி.யு.வுக்குள்ளேயும் சமத்துவத்துக்கு வேலை இருக்கிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி, ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கறுப்பின நோயாளிகளில் வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வருடக்கணக்கில் எல்லோர் விரலிலும் இருந்த கருவி அது. அதைக் கவனித்துக் கேள்வி கேட்டவர்கள் தீவிர சிகிச்சை பார்க்கும் மருத்துவர்கள்.

யாருக்கு இது பொருந்தும்? ஒரே விஷயத்தில் ஆழமாகப் போவதில் அலுப்பு வராதவர்கள், கைவேலையில் மனம் லயிப்பவர்கள், 30 வயதுகளின் நடு வரைக்கும் வீடு தாங்கும் என்ற உறுதி உள்ளவர்கள். துறைப் பெயருக்குக் கிடைக்கும் மரியாதை மட்டும்தான் இழுக்கிறது என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அதிகாலை 3 மணி டியூட்டியில் அந்த மரியாதை துணைக்கு வராது.

## குடும்ப மருத்துவம்

ஒரு வயதான அம்மா தலைச்சுற்றல் என்று வந்தார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் ஒரு துணிப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். 11 அட்டைகள், மூன்று மருத்துவர்கள் எழுதியவை. ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயரைப் படித்தேன். இரண்டு அட்டைகளில் வெவ்வேறு வணிகப் பெயர். உள்ளே இருந்தது ஆம்லோடிபின் என்ற ஒரே ரத்த அழுத்த மருந்து. மருந்து இரட்டை அளவில் போனதால் கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்தைப் பார்த்த மூன்றாமவர் நீர் பிரியும் மாத்திரை எழுதியிருக்கிறார். நீர் பிரிந்து ரத்த அழுத்தம் இறங்க, தலைச்சுற்றல். நடுவில் முட்டிவலிக்கு ஒரு டைக்ளோஃபினாக் வேறு. மூன்று பேரும் அவரவர் உறுப்பை ஒழுங்காகத்தான் பார்த்திருந்தார்கள். பையை யாரும் பார்க்கவில்லை. 20 நிமிடமும் ஒரு பேனாவும்தான் தேவைப்பட்டன. பத்து நாளில் அந்த அம்மா தனியாக நடந்து வந்தார்.

என் செவ்வாய்க்கிழமைகள் இப்படித்தான் இருக்கும். இது சின்ன வேலை என்று தோன்றினால் நார்வே ஆய்வைப் பாருங்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் பதிவில் இருப்பார். சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே மருத்துவரிடம் 15 வருடங்களுக்கு மேல் இருந்தவர்களுக்கு, 1 வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு; இறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. நோயாளியைத் தெரிந்து வைத்திருப்பதும் வைத்தியத்தில் ஒரு பங்கு என்பதற்கு எண்களில் கிடைத்த சாட்சி இது.

சமத்துவம் என்று வந்தால் ஜூலியன் டியூடர் ஹார்ட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேல்ஸ் நாட்டின் கிளின்கோருக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் குடும்ப மருத்துவராக இருந்தவர். எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கேதான் நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971இல் அவர் ஒரு விதியாகவே எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. உடம்பு சரியில்லை என்று வந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், தன் பொறுப்பில் இருந்த கிராமத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து வைத்தார். கெர் ஒயிட் கணக்கின் அந்த 500 பேரை ஒரு தனி மருத்துவர் தேடிப் போனார் என்றே இதை நான் படிக்கிறேன்.

ஆனால் பெயரில் குடும்ப மருத்துவம் இருந்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. மருத்துவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் பகுதியில் இன்னொரு கிளினிக் திறப்பது நல்ல பிழைப்பு, அவ்வளவுதான். அதில் தப்பும் கிடையாது. சேவைக்காக இந்தத் துறை எடுத்தேன் என்று சொல்லும் முன் இடத்தையும் சேர்த்து யோசியுங்கள்.

மறைந்திருக்கும் விலை இங்கேயும் உண்டு. நெஞ்சு எரிகிறது என்று வரும் பலருக்கு அமிலக் கோளாறுதான் இருக்கும், ஒருவருக்கு இதயம். கையில் ஸ்டெதஸ்கோப்பும் ஒரு இ.சி.ஜி.யும்தான் இருக்கும். அந்த ஒருவரை அனுப்பியாக வேண்டும், மற்றவர்களைத் தேவையில்லாமல் அலைய விடவும் கூடாது. வீட்டுக்குப் போன பிறகும் "அவரை அனுப்பியிருக்கணுமோ" என்ற நினைப்பு விடாது. தெளிவில்லாமையோடு தூங்கப் பழகாதவர்களுக்கு இந்தத் துறை நிஜமாகவே கஷ்டம். சொந்தக்காரர்கள் "ஸ்பெஷலிஸ்ட் ஆகலையா?" என்று கேட்பதும் வருடங்கள் போகப் போகத்தான் உறைக்காமல் போகிறது.

மருத்துவர் இல்லாத இடத்துக்குத்தான் போவேன் என்று முடிவு செய்தவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். சேவை ஒப்பந்தத்தோடு வரும் படிப்புகளும் வேலைகளும் பல நாடுகளில் இருக்கின்றன. ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் இதில் பெரிய எடுத்துக்காட்டு. அங்கே ஒப்பந்தப்படி 9 வருடம் பணி செய்தால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், வட்டியோடா? இந்த வருடங்கள் மேற்பயிற்சிக்குக் கணக்கில் வருமா? நான் விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள்? மூன்றாவதற்குப் பதில் "யாரும் இல்லை" என்றால் யோசியுங்கள். இரண்டாவது மருத்துவர் ஒருவர் கூட இல்லாத இடத்தில், நல்ல மனசோடு போனவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் உடைந்துபோய்த் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊருக்கும் அது நல்லதில்லை. மறுபடி ஒரு புது முகம், மறுபடி முதலிலிருந்து.

கிராமப் பின்னணி உள்ளவர்களையே சேர்ப்பது, பயிற்சியையே கிராமத்தில் கொடுப்பது, போனவர்களுக்கு வீடு முதல் பதவி உயர்வு வரை துணை நிற்பது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2010இலும் 2021இலும் சொல்லியிருக்கிறது. மாணவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் பொருள் எளிது: உங்கள் தியாக மனசை மட்டும் நம்பி நடத்தும் இடத்துக்குப் போகாதீர்கள், துணைக்கு ஏற்பாடு இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

## பொதுச் சுகாதாரம்

அந்த 2 வருடத்தில் ஒரு நாள். சின்ன சுகாதார மையம் ஒன்றில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டில் 30 நாளும், இரண்டு வேளையும், 4 டிகிரி. எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. அந்த மாதம் 3 நாள் மின்சாரமே இல்லை என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் கொண்டுபோன வெப்பமானியை உள்ளே வைத்தேன். 13 காட்டியது.

செவிலியரைக் கோபிக்கத்தான் முதலில் தோன்றியது. பேசியபோது தெரிந்தது, மூன்று பேர் வேலையை அவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். மையத்து வெப்பமானியின் பேட்டரி தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு முறை கேட்டு எழுதிய கடிதத்தின் நகல்களைக் காட்டினார். பேட்டரியும், காலியாக இருந்த பணியிடத்துக்கு ஓர் ஆளும் வாங்கிக் கொடுக்க எனக்கு 5 மாதமும் கணக்கில்லாத கூட்டங்களும் ஆயின. அதனால் எந்தக் குழந்தை எந்த நோயிலிருந்து தப்பியது என்று என்னால் காட்ட முடியாது. இந்தத் துறையில் நல்லதும் கெட்டதும் இதுதான். பெரியம்மை ஒழிந்தது என்று 1980இல் உலகம் அறிவித்தபோது, அதற்குப் பின்னால் இருந்தது இப்படிப்பட்ட சின்னச் சின்ன வேலைகளின் மலை. அம்மை வராமல் பிழைத்த யாரும் மருத்துவரைத் தேடி வந்து கையைப் பிடிக்கவில்லை.

விலை: கை மறந்துவிடும். 3 வருடம் நோயாளியைத் தொடாமல் இருந்தால் மருந்து அளவுகூட யோசித்துத்தான் வரும். சில நாடுகளில் உரிமத்தைத் தக்கவைப்பதே சிக்கலாகும். திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். அப்புறம், உண்மையைச் சொன்னால் மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015இல் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, குடிநீர் மூலத்தை மாற்றிய பிறகு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தத்தில் ஈயம் கூடியவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதம் ஆனதைக் காட்டினார். மாநில அதிகாரிகள் முதலில் அவரைத்தான் குறை சொன்னார்கள். பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

அவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதைக் கவனியுங்கள். 1854இல் லண்டனில் காலரா எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த ஜான் ஸ்னோ, அதற்கு முந்தைய வருடம்தான் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர். மயக்க மருந்துதான் அவருடைய தொழில். அதனால் என் கருத்து இது: படிப்பு முடிந்த கையோடு பொதுச் சுகாதாரத்துக்குப் போகாதீர்கள். சில வருடமாவது நோயாளிகளோடு இருந்துவிட்டு வாருங்கள். பட்டம் 35 வயதிலும் கிடைக்கும். நோயாளியின் எதிரே உட்கார்ந்த வருடங்கள் இருந்தால்தான் அந்தப் பட்டத்துக்குக் கண் முளைக்கும். எண்களில் மனம் ஈடுபடுகிறவர்கள், மெதுவாக நகரும் வேலையைப் பொறுக்கிறவர்கள், ஒரே நோய் ஒரே தெருவிலிருந்து ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஓ.பி.யில் உட்கார்ந்தபடியே எரிச்சல் படுகிறவர்கள்: இவர்களுக்கு இது பொருந்தும்.

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

ஒரு வருடம் நிறுத்தி வைப்பதும் ஒரு முடிவுதான். பிரிட்டனில் 2 வருட அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் பலர் இப்படி ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நுழைவுத் தேர்வுக்குப் படித்தது மறந்துபோகும். பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்க்கும் இடங்களில் அது உங்களுக்கு எதிராகவும் போகலாம். கடன் இருந்தால் நிறுத்தவே முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, மாறும் வழி அதிகம் உள்ளதை முதலில் எடுங்கள். குடும்ப மருத்துவத்திலிருந்து பொதுச் சுகாதாரத்துக்குப் போக வழி உண்டு. பல நாடுகளில் சில சிறப்புத் துறைகளுக்கும் உண்டு. நரம்பு அறுவையில் 5 வருடம் போன பிறகு வெளியே வருவதற்குத் தைரியம் மட்டும் போதாது.

முடிவெடுக்கும் முன் மூன்று பேரிடம் பேசுங்கள்: அந்தத் துறையில் 45 வயதைத் தாண்டிய ஒருவர், இப்போது பயிற்சியில் இருக்கும் ஒருவர், பாதியில் விட்டுப் போன ஒருவர். மூன்றாமவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் அதிகம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். அவர்களோடு ஒரு வாரம் உட்காருங்கள். காலை ரவுண்டில் மட்டும் நின்றால் எல்லாத் துறையும் ஒன்றுபோலத் தெரியும். மதியம் 3 மணிக்கு இருங்கள்.

என்னிடம் கேட்ட அந்தப் பெண் இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ஒருவர் பையைக் கவிழ்த்தபோது, நான் கேட்காமலே அட்டைகளைத் திருப்பி மருந்துப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். அடுத்த மாதம் இரண்டு வாரம் கேத் லேபில், என் நண்பரிடம். அதன் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.